வீட்டு வாசலுக்கு வரும் சர்க்கரை மாத்திரை: மறக்க முடியாத அனுபவம் பற்றிச் சிலர் எழுதிய பதிவுகள்

முன்னாள் தன்னார்வலர், கிருஷ்ணகிரி மாவட்டம்:

2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில், வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்கும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய சில மாதங்களில், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து நானும் சேர்ந்தேன். குளுக்கோமீட்டரையும் மாத்திரைப் பையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஊர்க்கோடியில் தனியாக வசித்த ஒரு பாட்டிக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று முறை மாத்திரை கொடுத்தேன். சர்க்கரை ஒருமுறைகூட 280-க்குக் கீழே இறங்கவில்லை. நான்காம் முறை, காலி அட்டைகளைக் காட்டச் சொன்னேன். அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மெட்ஃபார்மின், கிளிபிசைடு என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகளும் தனித்தனிக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கிய அட்டைகள் அப்படியே இருந்தன. கிளிபிசைடின் முதல் அட்டையில் மட்டும் நான்கு குழிகள் காலியாக இருந்தன.

“வெயில்ல நடந்து வர்றே, வேண்டாம்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு வாங்கி வெச்சேன் கண்ணு” என்றார்.

காலை ஆறு மணிக்குக் கிளிபிசைடைப் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குப் போனவர், களி சாப்பிடப் பத்து மணி ஆகிவிட்டதால், நான்காம் நாள் ஏரிக்கரையில் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்கவில்லை.

விவசாயி, தஞ்சை வட்டாரம்:

எங்கள் வீட்டில் நடந்தது இன்சுலினால். அரசு மருத்துவமனையில் கொடுக்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்பதும், அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் பொருந்தும் என்பதும் எனக்குத் தெரியாது. கடையில் ஆரஞ்சு மூடி ஊசி, அதாவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பிக்கானது, கிடைத்தது, வாங்கி வந்தேன். அப்பாவுக்கு எழுதியிருந்த 20 யூனிட்டுக்காக 20-ஆம் கோடு வரை இழுத்துப் போட்டேன். உள்ளே போனது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் மருத்துவர் அளவை 30 ஆக்கினார். அடுத்த மாதம் தற்செயலாகச் சிவப்பு மூடி ஊசி கிடைக்க, முழு 30 யூனிட்டும் உடம்பில் இறங்கியது. விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டிருந்தவர், என்னை இறந்துபோன பெரியப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சிறிது நேரம் கழித்துத்தான் என் பெயர் வந்தது.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் ஒரு காலில் மட்டும் செருப்புடன் வரிசையில் நின்றார். மற்றது எங்கோ கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நோயால் பாத நரம்பு மரத்துப்போனதன் அடையாளம் அது.

முதல் பதிவை எழுதிய சகோதரியின் மீது வருத்தமுண்டு. மாத்திரை வாசலுக்கே வந்துவிட்டால் அதை விழுங்கியாகிவிட்டது என்று பதிவேடு நம்பிவிடுகிறது. இரண்டாம் முறை போனபோதே காலி அட்டைகளை எண்ணியிருந்தால் அதற்கடுத்த நான்கு மாதம் வீணாகியிருக்காது. கிளிபிசைடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, அரிது. ஆகவே இரண்டையும் ஒரே மூச்சில் நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தஞ்சை நண்பருக்கு: குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்து இரண்டிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை நனையாமல் வைக்கலாம். இரவு படுக்கும் முன் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கீழே ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம்.

முன்னாள் தன்னார்வலர்:

ஐயா, அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் எண்ணினேன். அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் நான் வருவதற்குள் காலி அட்டைகளை அழகாக அடுக்கி வைத்திருப்பார். பதிவேட்டிலும் குறை இருக்காது. ஒரு நாள் அவர் வீட்டுக் கோழிக் கூண்டைக் கூட்டிய மருமகள், முறத்தில் அள்ளி வந்து காட்டினார்: வெள்ளை மாத்திரைகள், பாதி கொத்தியும் பாதி முழுதாகவும். பெரியவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.