‘மாதிரி’ இருக்கட்டும், அதன் வழி வந்ததற்குத்தான் சொல் வேண்டும்

குழுமத்தாருக்கு வணக்கம். நான் மொழிபெயர்க்கும் நூலில் வரும் ‘மாடல் பீனல் கோட்’ (அமெரிக்க மாநிலங்கள் பார்த்துத் தங்கள் தண்டனைச் சட்டங்களை இயற்றிக்கொள்ள எழுதப்பட்ட மாதிரி) பற்றிய என் போன மடலுக்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> ‘மாடல் பீனல் கோட்’ என்பதை ‘முன்மாதிரித் தண்டனைச் சட்டம்’ என்று எழுதலாமே? ‘மாதிரி’ என்று மட்டும் போட்டால் ‘அந்த மாதிரி, இந்த மாதிரி’ என்பதுபோல் கேட்கிறது.

ஐயா, இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘முன்மாதிரி’ வேண்டாம் என்றே படுகிறது. அந்தச் சொல்லோடு பாராட்டும் சேர்ந்தே வருகிறது. முன்மாதிரிக் கிராமம், முன்மாதிரி ஆசிரியர் என்றால் மற்றவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்றாகிறது. ஆனால் இந்தச் சட்டத் தொகுப்பை எழுதிய அமெரிக்கன் லா இன்ஸ்டிடியூட் என்ற சட்ட வல்லுநர் அமைப்பே, அதிலிருந்த மரண தண்டனைப் பிரிவை 2009-இல் விலக்கிக்கொண்டது. எழுதியவர்களே கைவிட்ட பகுதி உள்ள ஒன்றை ‘முன்மாதிரி’ என்று எப்படிச் சொல்வது?

‘மாதிரி’யின் அருமை எனக்குப் பிடிபட்டது வீட்டில்தான். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாதிரி வினாத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு விடை எழுதினால் யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. ஆனாலும் உண்மையான வினாத்தாள் எப்படி இருக்கும், எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மாடல் பீனல் கோடும் அப்படித்தான். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் வெக்ஸ்லர் தலைமையில் பத்தாண்டு உழைத்து 1962-இல் முடித்தார்கள். அதன்கீழ் இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை, தண்டிக்கவும் முடியாது. சட்டமன்றம் நிறைவேற்றினால்தானே சட்டம்? அமெரிக்காவில் குற்றவியல் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டமன்றத்தில் தனித்தனியாக இயற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்கள் சட்டங்களைத் திருத்தி எழுதின.

‘கோட்’ என்பதற்குச் ‘சட்டம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தவும் எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் ‘இந்திய தண்டனைச் சட்டம்’ என்றே பழகிவிட்டோம். இலங்கையில் ‘தண்டனைச் சட்டக்கோவை’ என்கிறார்கள். கோவை என்றால் கோத்தது, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு முறையில் வருவது. குற்றமனம், முயற்சி, உடந்தை போன்ற பொது விதிகளை முதலில் வைத்து, பிறகு தனிக் குற்றங்களுக்குப் போவதுதான் மாடல் பீனல் கோடின் அமைப்பே. இலங்கை நண்பர்களின் சொல்லை எடுத்துக்கொண்டு ‘மாதிரித் தண்டனைச் சட்டக்கோவை’ என்று வைப்போம்.

உண்மையில் சொல் இல்லாமல் தவிக்கும் இடம் வேறு. இதைப் பார்த்து மாநிலங்கள் இயற்றிய சட்டங்களை என்னவென்று சொல்வது? ‘ஏற்றுக்கொண்டது’ என்று எழுதினால் பொய்யாகிறது. யாரும் அப்படியே ஏற்கவில்லை. நியூயார்க் 1965-இல் இயற்றி 1967-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குற்றம் செய்தவரின் மனநிலையை நான்கு படியாகப் பிரிக்கும் முறையை எடுத்துக்கொண்டு முதல் படியின் பெயரை மாற்றிக்கொண்டது. இல்லினாய்ஸ் அவசரப்பட்டது: மாதிரி முடியும் முன்பே அதன் வரைவுகளைப் பார்த்து 1961-இல் இயற்றிவிட்டது. வயது வந்தவர்கள் மனமொத்துச் செய்யும் ஓரினப் பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய முதல் மாநிலம் அதுதான். கலிபோர்னியாவோ 1872-இல் இயற்றிய கோவையையே இன்னும் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறது.

இதற்குத்தான் போன மடலில் ‘வழிச்சட்டம்’ என்று சொல்லியிருந்தேன்.

> வழிச்சட்டம் என்றால் சாலைப் போக்குவரத்துச் சட்டம்போல் இருக்கிறதே? ‘சார்புச் சட்டம்’ எனலாமா?

அம்மா, தனியாகப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் வழித்தோன்றல் என்கிறோம், வழிமொழிகிறேன் என்கிறோம். அங்கெல்லாம் யாருக்கும் சாலை நினைவு வருவதில்லை. நம் இலக்கண மரபில் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடு உண்டு. முன்னவர் நூலின் முடிபை ஒத்துக்கொண்டு, பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால் அது வழிநூல். நியூயார்க் செய்ததும் நியூ ஜெர்சி செய்ததும் இதுதானே! ‘சார்பு’ வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. சார்நிலை நீதிமன்றம், சார்நிலை அலுவலர் என்று ‘கீழ்ப்பட்டது’ என்ற பொருளில் அந்தச் சொல் ஏற்கெனவே வேலை செய்கிறது. மாநிலச் சட்டம் மாதிரிக்குக் கீழ்ப்பட்டதல்ல. அதிகாரம் முழுவதும் வழிச்சட்டத்திடம்தான், மாதிரியிடம் துளியும் இல்லை.

இந்தச் சொல் நமக்கும் பயன்படும். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தைப் பார்த்தே இலங்கையின் 1883-ஆம் ஆண்டுக் கோவை வந்தது. கொலைக்குத் தண்டனை இங்கே 302-ஆம் பிரிவில் இருந்தது, அங்கே 296-இல். சிங்கப்பூரில் எண்கூட மாறாமல் 302. எண் மாறினாலும் மாறாவிட்டாலும் இரண்டும் வழிச்சட்டங்களே. ஒரு வேற்றுமையை மட்டும் மறக்கக் கூடாது: அங்கே மூலமாக நின்றது நடப்பிலிருந்த சட்டம், வெறும் மாதிரி அல்ல.

இனி அந்த நான்கு மனநிலைகள். மாதிரியின் மிகப் பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் வன்மம், கெட்ட எண்ணம், தீய உள்ளம் என்று சட்டத்துக்குச் சட்டம் ஒரு சொல் கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி நான்காக்கினார்கள். முதல் இரண்டையும் ‘நோக்கத்துடன்’, ‘அறிந்து’ என்று எழுதிவிடலாம். நான்காவது ‘கவனக்குறைவாக’. மூன்றாவதான ‘ரெக்லஸ்லி’யில்தான் மாட்டிக்கொண்டேன்.

நம் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கைகளில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்று ஒரே மூச்சில் வரும். அது இங்கே உதவாது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று லாரி ஓட்டுநருக்குக் காலையிலேயே தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்று மலைப்பாதையில் சரக்கோடு இறங்குகிறார். இது மூன்றாவது. இன்னொருவர் பிரேக்கைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும், தோன்றவில்லை. இது நான்காவது. ஆள் இறந்துபோனால் மாதிரியில் இரண்டும் வேறு வேறு குற்றம், வேறு வேறு தண்டனை. ‘அஜாக்கிரதை’ என்று எழுதினால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அப்படி ஒரு மொழிபெயர்ப்பு என் பெயரில் வெளிவர நான் ஒப்பமாட்டேன்.

‘துணிந்து’ என்று எழுதிப் பார்த்தேன், வீரம் தொனிக்கிறது. ‘அசட்டையாக’ நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்து தெரிந்திருந்தது என்பது அதில் இல்லை. கடைசியாக ‘தெரிந்தும் பொருட்படுத்தாமல்’ என்று இரண்டு சொல்லாகவே வைத்திருக்கிறேன். பெயர்ச்சொல்லாக ‘ஆபத்துப் புறக்கணிப்பு’. நீளம்தான். குழுமத்தில் குற்றவியல் வழக்கறிஞர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். கட்சிக்காரருக்கு இந்த இரண்டு ஓட்டுநர்களின் வேறுபாட்டைத் தமிழில் விளக்க நேர்ந்தால் முதல் ஆளுக்கு என்ன சொல் போடுவீர்கள்? நியூ ஜெர்சி அத்தியாயத்தில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.