நவம்பர் 5 பான்ஃபயர்: சின்னத் தோட்டத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம். பிரிட்டனில் இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். கை ஃபாக்ஸ் இரவுக்கு (நவம்பர் 5 அன்று நெருப்பு மூட்டிக் கொண்டாடும் பிரிட்டிஷ் விழா) வருடா வருடம் வீட்டில் மூட்டும் நெருப்புக்கு இந்த முறை இடம்தான் இடிக்கிறது. பின்தோட்டத்தின் நீளமே 12 மீட்டர். வீடு, வேலி, மரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதனால் விறகுக் குவியல் கிடையாது, 80 செ.மீ. இரும்புச் சட்டிதான்.

சட்டி நிற்கப்போவது சிமெண்ட் பலகைத் தளத்தில். மழை ஊறிய பலகை சூடேறினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, மேல்பகுதி படாரென்று சில்லு சில்லாகத் தெறிக்கும். கீழே 5 செ.மீ. காய்ந்த மணல் போதுமா, செங்கல்லும் அடுக்க வேண்டுமா? (ஆற்றுக் கூழாங்கல் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் வெடிக்கும்.)

அடுத்தது விறகு. பேலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ‘ஹெச்டி’ முத்திரை, அதாவது வெப்பத்தால் பதப்படுத்தியவை மட்டுமே. ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிக்கொல்லி, தொடவே கூடாது. பெயிண்ட் அடித்தது, எம்டிஎஃப் (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) இரண்டும் விலக்கு. ஆஷ் மரக் கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்தினால் 24% காட்டுகிறது. 20-க்குக் கீழே இறங்காவிட்டால் புகை நேரே பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குத்தான். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்கினால் மூன்று வாரத்தில் இறங்குமா?

வெளியே அடுக்கியதில் முள்ளெலி புகுந்திருக்கலாம் என்பதால் அன்றைக்கு ஒவ்வொன்றாக இடம் மாற்றித்தான் எடுப்போம். பெட்ரோல், மண்ணெண்ணெய் பேச்சே இல்லை.

பத்துப் பேர், மூன்று மணி நேரம், கடைசியில் உருளைக்கிழங்கு சுடத் தணல். எத்தனை கிலோ விறகு பிடிக்கும்?