மறு: ஏவுகணைப் பலகத்தில் எந்த வேகம்?

வணக்கம்,

நம் விண்வெளி ஆட்டத்தில் ஏவுகணையின் விவரம் காட்டும் பலகத்தில் 'க்ளோசிங் ஸ்பீடு' என்று வருவதற்குத் தமிழில் 'சார்புத் திசைவேகம்' என்று போட்டு இழையை முடித்துவிடலாம் என அண்ணன் எழுதியிருந்தார். பாடநூல் சொல்தான், ஒன்றைப் பொறுத்து மற்றது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது; ஆனால் ஆட்டத்தில் அது வேறு எண். எதிரிக் கப்பல் குறுக்கே கடந்து போனாலும் சார்புத் திசைவேகம் பெரிதாகவே இருக்கும். நம் பலகம் காட்டுவது, இடையிலுள்ள தூரம் நொடிக்கு எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும்.

இதைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம், ஆட்டத்தைச் சமன்செய்யும் வேலை முழுக்க இந்த எண்ணில்தான் நிற்கிறது. ஏவுகணை நொடிக்கு 12 கி.மீ., கப்பல் 4 என்று வையுங்கள். நேருக்கு நேர் வந்தால் 16, துரத்தினால் 8. கப்பலின் தடுப்புத் துப்பாக்கி 80 கி.மீ. எட்டும், நொடிக்கு ஒரு குண்டு என்றால், எதிரே வரும் ஏவுகணைமீது 5 குண்டு, பின்னால் வருவதன்மீது 10. ஏவுகணையின் எரிபொருள் 60 நொடிக்குத்தான் வரும் என்றால், எதிரே வரும் கப்பலை 960 கி.மீ. தள்ளியிருந்தே எட்டிவிடலாம், துரத்தினால் 480-தான். போதாக்குறைக்குச் சேதத்தை இயக்க ஆற்றலை வைத்துக் கணக்கிடுகிறோம், வேகத்தின் இருமடி என்பதால் அதில் நான்கு மடங்கு வித்தியாசம். இப்போது 12-ஐ 14 ஆக்கிப் பாருங்கள்: துரத்தலில் எட்டும் தூரம் 600, அதாவது கால் பங்கு கூடுகிறது, எதிரெதிரே 1080, அரைக்கால்தான் கூடுகிறது. வேகத்தை ஏற்றினால் ஆதாயம் பெரும்பாலும் துரத்துகிறவனுக்கு. ஓடித் தப்பும் ஆட்டம் செத்துவிடும் என்று முன்பே புலம்பியது இதனால்தான். சரி, அது தனி இழைக்குப் போகட்டும்.

'வேகம்' என்று மொட்டையாக விடவும் முடியாது. நான் இருப்பது ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கம். கொஞ்சம் வடக்கே சூளூர்ப்பேட்டையில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்த பையன்கள் இதை ஆடுகிறார்கள். தெலுங்குப் பாடநூலில் 'வேகம்' என்றால் நம் திசைவேகம், அதாவது திசையும் சேர்ந்த வெலாசிட்டி; திசை சேராத நம் வேகத்துக்கு, ஸ்பீடுக்கு, அங்கே 'வடி'. மலையாளத்தில் வேகம் நம்மைப்போலவே, திசைவேகம்தான் 'பிரவேகம்'. யாழ்ப்பாணத்திலோ ஸ்பீட் 'கதி', வெலாசிட்டி 'வேகம்'. போன வாரம் ஒருவன் பிழையறிக்கையே அனுப்பிவிட்டான்: "12-க்குக் காசு வாங்கிட்டு 8-தான் போகுது." ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடிக்கு ஓடுகிற ஊர் எங்களுடையது, எதைப் பொறுத்து 8 என்று சொன்னால் புரிந்துகொள்வான். நாம்தான் சொல்லவில்லை.

ஆகவே என் ஓட்டு 'நெருங்கு வேகம்'. எஸ்கேப் வெலாசிட்டிக்கு 'விடுபடு வேகம்' என்று பழகிய அதே அமைப்பு, புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. 'அணுகு வேகம்' என்று இன்னொருவர் சொன்னதும் பொருளில் சரிதான். ஆனால் அதே பலகத்தில் 'அணு ஏவுகணை' இருக்கிறது, சின்னத் திரையில் 'அணு...' என்று வெட்டுப்பட்டு நின்றால் விபரீதம்.

அப்புறம், கப்பல் விலகி ஓடும்போது கழித்தல் குறி போட்டு -3 என்று காட்ட வேண்டாம். பெயரையே 'விலகு வேகம்' என்று மாற்றி 3 என்று காட்டலாம். நிரலில் ஒரு நிபந்தனைதான், நான் எழுதித் தருகிறேன். இரண்டு சொல்லும் பலகத்தின் அகலத்துக்குள் அடங்குகின்றனவா என்று மட்டும் பழைய கைபேசி வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.