எம்போலைசேஷன் முடிந்து 5 வாரம், தண்ணீர் போல வெள்ளைப்படுவது நிற்கவில்லை
அக்காவுக்கு 44 வயது, ஊர் மதுரை. கர்ப்பப்பையில் 8 செ.மீ. ஃபைப்ராய்டு (சதைக்கட்டி), பாதி உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மாதாமாதம் ரத்தம் கொட்டி ஹீமோகுளோபின் 7.2க்கு வந்துவிட்டது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, இரும்புச்சத்து ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கர்ப்பப்பையை எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. அம்மாவுக்கு எடுத்தபோது பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள்.

அதனால் எம்போலைசேஷன் செய்தோம்: தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, மிகச்சிறிய (500-700 மைக்ரான்) மணிகளைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். முதல் இரண்டு நாள் வலி தாங்கவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது. ரத்தப்போக்கும் குறைந்தது. ஆனால் 3ஆம் வாரத்திலிருந்து தண்ணீர் போல வெள்ளைப்படுகிறது, நாலு நாளாக லேசான வாடை. நேற்று சதைத்துணுக்கு போல ஒன்று விழுந்தது. காய்ச்சல் இல்லை.

சிகிச்சை செய்த மருத்துவர் மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொல்கிறார். அவர் திரும்ப இவரிடமே அனுப்புகிறார். 5 நாள் ஆன்டிபயாடிக் முடிந்தது. ஸ்கேனில் கட்டி சுருங்குவதாக மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: துணுக்கு விழுந்தபின் தானாக நின்றதா, இல்லை ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து மீதியை எடுக்க வேண்டி வந்ததா?