ஹேமாந்தஸ் வளர்ப்பு: எப்போது நீர் ஊற்றுவது, எப்போது நிறுத்துவது? உறுப்பினர்களின் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

சென்னைப் பக்கத்து நர்சரிகளில் ஹேமாந்தஸ் என்ற கிழங்குப் பூச்செடியைக் கேட்டால் பெரும்பாலும் பந்து லில்லியைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ஃபுட்பால் லில்லி, மே மலர் என்ற பெயர்களும் அதற்கு உண்டு. எங்கள் வீட்டில் அது பல ஆண்டுகளாகத் தொட்டியிலும் தரையிலும் இருக்கிறது. மாசி, பங்குனியில் தொட்டியைப் பார்த்தால் மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வருபவர்கள் காலித் தொட்டி என்று எண்ணி அதில் துளசி வைக்கச் சொல்வார்கள். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தாலோ, பெய்யாத ஆண்டில் நாமே ஒருமுறை மண்ணை நன்றாக நனைத்தாலோ, கத்திரி வெயில் தொடங்கும் நாள்களையொட்டித் தடித்த மொட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இலைக்கு முன்பாகவோ இலையோடு சேர்ந்தோ எழும் அந்தத் தண்டின் உச்சியில் சிறு சிவப்புப் பூக்கள் எல்லாத் திசையிலும் விரிந்து ஒரு முழு உருண்டையாகின்றன. நன்கு முதிர்ந்த கிழங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கும். அந்த அழகு ஒரு வாரம் நிற்கும், மிஞ்சினால் இன்னும் சில நாள்.

பூ வாடியதும் செடியை மறந்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. உண்மையில் அதற்குப் பிறகு வரும் மாதங்களே அடுத்த ஆண்டுப் பூவைத் தீர்மானிக்கின்றன. ஆனி முதல் ஐப்பசி வரை நிற்கும் இலைகள் சேர்த்துவைக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான் கிழங்குக்குள் அடுத்த மொட்டு உருவாகிறது. இலை அகலமாக இருந்து இடத்தை அடைக்கிறது என்று யாரேனும் அதை நறுக்கிவிட்டால், அடுத்த கோடையில் இலை மட்டுமே வரும். எதிர்வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் நறுக்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏன் பூக்கவில்லை என்று என்னிடம் கேட்கவும் செய்கிறார்கள்.

நம் கடற்கரை மாவட்டங்களில் உள்ள உண்மையான சிக்கல் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகையில் இலை மஞ்சளாகி, செடி தானாகவே ஓய்வுக்குப் போகிறது. அதே நேரத்தில்தான் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. இலையற்ற கிழங்கு நீரை உறிஞ்சுவதில்லை என்பதால், ஈரம் தேங்கிய மண்ணில் அது அடியிலிருந்து அழுகத் தொடங்கும். தரையில் மேட்டுப் பாத்தியில் உள்ளவை தப்பித்துக்கொள்கின்றன. தொட்டியில் உள்ளவற்றை இலை பழுத்தவுடன் மாடிப்படிக்குக் கீழே, சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, பங்குனி முடியும்வரை தண்ணீர் காட்டுவதில்லை. மண்கலவை செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டதால் எம்-சாண்டை அலசி, அதிலுள்ள மாவுப் பொடியை நீக்கிவிட்டுப் பயன்படுத்துகிறேன். கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் தெரியும்படி நடுவதே போதுமானது.

ஹேமாந்தஸின் பிற வகைகளை வளர்ப்பவர்கள் தங்கள் ஊரின் பருவத்தோடு சேர்த்து எழுதினால், என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

குன்னூரிலிருந்து:

ஐயா, தாங்கள் எழுதியிருப்பவை அத்தனையும் சரி. ஆனால் தாங்கள் வளர்ப்பது இன்றைய தாவரவியல் கணக்கில் ஹேமாந்தஸ் அன்று, ஸ்கடாக்சஸ் மல்டிஃப்ளோரஸ். நெடுங்காலம் ஹேமாந்தஸ் மல்டிஃப்ளோரஸ் என்றே அழைக்கப்பட்ட அதனை 1976இல் ஃப்ரீஸ், நோர்டால் என்னும் இரு ஆய்வாளர்கள் தனிப் பேரினத்துக்குப் பிரித்தார்கள். நர்சரிப் பலகைகள் இன்னும் பழைய பெயரிலேயே நிற்கின்றன. நடைமுறையில் இலையைப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். ஸ்கடாக்சஸின் இலை மெல்லியது, நடுநரம்பு தெளிவாகத் தெரியும். ஹேமாந்தஸின் இலை சதைப்பற்றோடு தடித்திருக்கும், நடுநரம்பு இராது, பெரும்பாலும் எதிரெதிராக இரண்டே இலைகள். குரோமோசோம் எண்ணிக்கையும் முன்னதில் 18, பின்னதில் 16. இது பெயர்ச் சண்டைக்காகச் சொல்வதன்று. ஸ்கடாக்சஸ் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் பரவியிருப்பது. ஹேமாந்தஸ் அக்கண்டத்தின் தென்கோடிக்கே உரியது. அந்தத் தென்கோடியிலும் மேற்கே குளிர்கால மழை, கிழக்கே கோடை மழை. ஆகவே, எந்தக் கிழங்கு எந்த மழைக்குப் பழகியது என்று தெரியாமல் ஒருவருடைய தண்ணீர்க் கணக்கை மற்றொருவர் பின்பற்றக் கூடாது.

என்னிடம் இருப்பது ஹேமாந்தஸ் அல்பிஃப்ளாஸ், வெள்ளைப் பூ வகை. தென்னாப்பிரிக்காவின் தெற்கு, கிழக்குக் கரையோரங்களில் மர நிழலிலும் பாறைச் சரிவுகளிலும் வளர்வது. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காதது. எனவே தாம்பரத்து முறைப்படி இதனை மாதக்கணக்கில் காயவிட்டால் செடி சாகாது என்றாலும், இலை சுருங்கி வளர்ச்சி நின்றுவிடும். மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பின் ஊற்றுகிறேன்; பனிக்காலத்தில் இடைவெளியை இன்னும் நீட்டுகிறேன். எங்கள் ஊரில் மழையைவிட, நாள்கணக்கில் விலகாத மூடுபனியே இதற்கு எதிரி. இரண்டு இலைகளும் கிழங்கைத் தழுவும் இடுக்கில் நீர் நின்றால் அழுகல் தொடங்கும் என்பதால், கண்ணாடிக் கூரையிட்ட திண்ணையில், காலை வெயில் மட்டும் படும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இதனை நடும் முறை பந்து லில்லிக்கு நேர்மாறானது. கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே இருக்கலாம். வெளிச்சம் பட்ட செதில்கள் பச்சையாகிவிடும், அதனால் கேடில்லை. தொட்டி சிறிதாக இருக்க வேண்டும். பெரிய தொட்டிக்கு மாற்றிய கிழங்குகள் பக்கக் கிழங்குகளை ஈன்றுகொண்டே இருந்தனவே தவிர, பூந்தண்டு விடவில்லை. வேர் நெருங்கி, கிழங்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த பழைய மண்தொட்டிதான் ஆண்டுதோறும் தவறாமல் பூத்தது. ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் தண்டு எழும்பும். பச்சை நரம்போடிய வெள்ளை உறையிதழ்களுக்கு நடுவே, மஞ்சள் மகரந்தப் பைகள் நுனியில் ஒட்டிய வெள்ளை இழைகள் அடர்த்தியாக நிற்கும். பார்ப்பவர்கள் எல்லாரும் முகச்சவர பிரஷ் என்றே சொல்கிறார்கள். எனக்கும் அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை.

அடிலெய்டிலிருந்து:

யாழ்ப்பாணத்து வீட்டில் நாங்கள் பார்த்து வளர்ந்ததும் பந்து லில்லிதான். இங்கே, தென் ஆஸ்திரேலியாவில், நான் வைத்திருப்பது சிவப்பு வகையான ஹேமாந்தஸ் காக்சினியஸ். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து ஐரோப்பாவை எட்டிய பூக்களுள் இதுவும் ஒன்று. அடிலெய்டின் பருவநிலை கேப் டவுனைப் போலவே கோடையில் வறண்டு, குளிர்காலத்தில் மழை பெய்வது என்பதால், இந்தச் செடிக்காக நான் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நவம்பரில் இலைகள் காய்ந்துவிடும். அதன்பின் ஜனவரி முழுவதும் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை. பிப்ரவரி பிற்பகுதியில் இரவுகள் சற்றுக் குளிரத் தொடங்கியதும், செம்பழுப்புப் புள்ளிகள் நிறைந்த தண்டு வெறும் மண்ணிலிருந்து எழுந்து, மெழுகு பூசியது போன்ற சிவப்பு உறையிதழ்களை விரிக்கும். பூ முடிந்த பிறகே இலை வரும். இரண்டே இலைகள், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாமல் தரையோடு படிந்து கிடக்கும். ஆகவே பூச்சாடியைவிட நிலத்தில் நடுவதே இதற்கு நல்லது.

இந்த வகையை இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நண்பர் ஒருவர் வீடு மாறியபோது தோண்டித் தந்த கிழங்குகளில், இலையோடும் வேரோடும் பெயர்த்தவை அடுத்தடுத்து இரண்டு கோடைகள் பூக்காமல் இருந்தன. இலை காய்ந்து உறங்கும் காலத்தில் வேரைச் சிதைக்காமல் எடுத்தவை விரைவில் பழகிக்கொண்டன. இந்தப் பேரினத்தின் சதைப்பற்றான வேர்கள் ஆண்டுகள் பல நிலைத்திருப்பவை. அவை அறுந்தால் மீண்டும் வளர்த்துக்கொள்வதிலேயே கிழங்கின் சேமிப்பு செலவாகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேப் புதர்க்காடுகளில் தீப் பரவிய அடுத்த பருவத்தில் ஹேமாந்தஸ் கூட்டம் கூட்டமாகப் பூக்கும். கனலிகுலேட்டஸ் என்ற வகை தீக்குப் பின்னரே பூக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, கிழங்கு உறங்கும் சாடியின்மேல் வைக்கோலைப் போட்டுக் கொளுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. நான் அதைச் செய்யவில்லை. இங்கே கோடைக் காலத்தில் வெளியே தீ மூட்டினால் பூ வருவதற்கு முன் தண்டச் சீட்டு வரும். காக்சினியஸுக்கு அது தேவையும் இல்லை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்கள் காக்சினியஸ் கிழங்கை அதிக விலை கொடுத்துத் தருவிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குக் குளிர்ந்த இரவுகளில் இலை வளர வேண்டும். வறண்ட கோடையில் உறங்க வேண்டும். சென்னையில் இரண்டும் கிடைக்காது.

கோயம்புத்தூரிலிருந்து:

அண்ணா சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இங்கே பந்து லில்லி நன்றாக வருகிறது, அதுவே போதும். நான் எழுத வந்தது புழுக்களைப் பற்றி. ஆடி, ஆவணியில் இலை செழித்திருக்கும்போது, கறுப்பு உடலில் வெள்ளையும் செம்மையுமான புள்ளிகள் கொண்ட புழுக்கள் கூட்டமாக வந்து, விட்டுவைத்தால் ஓரிரு நாளில் இலை முழுவதையும் தின்றுவிடுகின்றன. நம் மாநில மலரான செங்காந்தளைப் பயிரிடும் உழவர்களுக்கு இந்த லில்லிப் புழு நன்கு அறிமுகமானது. மாலையில் டார்ச் விளக்கோடு சென்று, கையுறை அணிந்து பொறுக்கிச் சோப்பு நீரில் போடுவதுதான் எனக்கு உறுதியாகப் பலித்தது. வேப்பெண்ணெய்க் கரைசல் இளம் புழுக்களிடம் மட்டுமே வேலை செய்கிறது. இலையை இழந்த ஆண்டுக்கு மறு ஆண்டு பூ இல்லை என்பதால், இந்த இரு மாதக் காவலை நான் தவறவிடுவதில்லை. கிழங்கின் செதில்களுக்கிடையே ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சியையும், உறக்கத்துக்குப் பின் மண் மாற்றும்போது பார்த்துத் துடைத்துவிட வேண்டும்.

சிறு பிள்ளைகளோ நாய்களோ உள்ள வீடு என்றால் மேலும் ஓர் எச்சரிக்கை. அமரில்லிஸ் குடும்பத்துக் கிழங்குகளில் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு. ஆப்பிரிக்காவில் பந்து லில்லிக் கிழங்கை அம்பு நஞ்சிலும், மீனை மயக்கிப் பிடிப்பதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தோண்டியெடுத்த கிழங்கு பார்வைக்கு வெங்காயம் போலிருப்பதால், சமையலறைப் பக்கம் காயவைக்க வேண்டாம்.

குன்னூரிலிருந்து, மீண்டும்:

விதையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். என் பந்து லில்லி இதுவரை காய் பிடித்ததில்லை. அதன் பக்கக் கிழங்குகளைப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். அல்பிஃப்ளாஸில் ஒரு செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் மற்றொன்றுக்குத் தடவினால், சில மாதங்களில் வெள்ளைக் காய்கள் பழுத்து ஆரஞ்சு, சிவப்பு நிறமாகும். இவ்விதைகள் நெல்லைப் போலச் சேமித்துவைக்கக் கூடியவை அல்ல. ஈரச் சதையோடு இருப்பவை, காய்ந்தால் உயிர் போய்விடும். பழத்தோலை நீக்கி, வழவழப்பைக் கழுவி, ஈரமணலின் மேற்பரப்பில் லேசாக அழுத்தி வைத்தால் போதும், மூட வேண்டியதில்லை. முதலில் வேர் போன்ற ஒரு முளை மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் குட்டிக் கிழங்கு திரண்ட பிறகே இலை வரும். ஆகவே இலை தெரியவில்லை என்று விதையைக் கிளறக் கூடாது. பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகலாம். தாம்பரத்து ஐயாவுக்கு விருப்பமென்றால், இந்தப் பருவத்துப் பழங்கள் சிவந்ததும் ஈரப் பஞ்சில் சுற்றி அஞ்சலில் அனுப்பிவைக்கிறேன். சமவெளியில் வெள்ளை வகை எப்படி வருகிறது என்று எழுதுங்கள். வைகாசி வெயில் நேரடியாக விழாத இடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துவிடுங்கள்.