போலிபேக் விலையை வைப்பது யார்?

முத்து, சுங்கை சிப்புட்:
செம்பனை நாற்றுக்குக் கறுப்பு போலிபேக் ஊதும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். ரெசின் என்ற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் மணியை உருக்கித்தான் பை ஊதுவோம். "பெரிய கம்பெனிகள் ஒன்று சேர்வதாலும் காப்புரிமைச் சமரசங்களாலும் நமக்கென்ன நட்டம்? ரெசின் விலை ஏறினால் பையை மெல்லிசாக ஊதுங்கள்" என்று கவிதா எழுதியிருக்கிறார். என் பை நாற்றுமேடையில் ஏறக்குறைய ஓராண்டு வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும். மெல்லிசாகவும் கிழியாமலும் இருக்க மெட்டலோசின் என்ற வினையூக்கியால் செய்யும் ரெசின் வேண்டும். அந்த நுட்பம் யார் கையில் இருந்தது? 1997இல் அமெரிக்கக் கம்பெனிகளான எக்ஸானும் யூனியன் கார்பைடும் தங்கள் நுட்பங்களை யூனிவேஷன் என்ற கூட்டு நிறுவனத்தில் சேர்த்தன. 2001இல் போட்டியாளரான டவ், யூனியன் கார்பைடையே வாங்கிவிட்டது.

கவிதா, ஈப்போ:
முத்து அண்ணே, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். டவ் அப்போது பிரிட்டனின் எண்ணெய்க் கம்பெனியான பிபியோடு சேர்ந்து அதே மாதிரி நுட்பத்தை உருவாக்கி வந்தது. அந்தப் போட்டி செத்துவிடும் என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் தலையிட்டு, தொடர்புடைய காப்புரிமைகளை பிபிக்குக் கொடுக்கச் சொல்லித்தான் இணைப்பை அனுமதித்தது. காப்புரிமைக்கும் 20 ஆண்டுதான் ஆயுள். அதுவும் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு யார் பணம் போடுவார்? கனடாவில் நோவா கெமிக்கல்ஸ், டவ் காப்புரிமை பெற்ற பாலிஎத்திலீனை அனுமதியில்லாமல் தயாரித்தது. ஏறக்குறைய 64.5 கோடி கனடிய டாலர் கட்டச் சொன்ன தீர்ப்பை 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சரியான தீர்ப்பு.

முத்து:
அதே தீர்ப்பைத்தான் நானும் சொல்ல வந்தேன், தங்கச்சி. அந்தக் காப்புரிமை 2014இல் காலாவதியானது. அதற்குப் பிறகு நோவாவுக்கு வந்த லாபத்திலும் ஒரு பகுதியைக் கொடுக்கச் சொன்னார்கள், முன்கூட்டியே சந்தையைப் பிடித்ததால் வந்தது என்று. நோவா தாங்கும். இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்த சின்னக் கம்பெனி வழக்கு நடத்துமா? சமரசம் பேசி ராயல்டி கட்டும். அந்தக் காப்புரிமை செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிபதியும் பார்க்கப்போவதில்லை. ராயல்டி மட்டும் ரெசின் விலையில் ஏறி என் பட்டறைக்கு வந்துவிடும்.

ஓய்வுபெற்ற கிராணி:
இரண்டு பேரும் வெளிநாட்டையே பேசுகிறீர்கள். பாசிர் கூடாங்கில் ரெசின் தயாரிக்கும் டைட்டனை 2010இல் கொரியாவின் லோட்டே குழுமம் வாங்கியது. அதே ஆண்டு இயற்றிய நம் மலேசியப் போட்டிச் சட்டத்தில் நிறுவன இணைப்பை ஆராயும் பிரிவே இல்லை. கூட்டுச் சேர்ந்து விலை வைத்தால் பிடிக்கலாம். ஒருவரை ஒருவர் வாங்கிவிட்டால்? பிபிக்குக் கொடு என்று அங்கே சொன்ன மாதிரி இங்கே சொல்ல யார் இருந்தார்?

கவிதா:
அந்தப் பிரிவு வேண்டும் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைட்டனை வாங்கியது வெளியாள். இங்கே விற்பவர்களின் எண்ணிக்கை அதனால் குறையவில்லை. சவூதி, தாய்லாந்து, சிங்கப்பூர் ரெசினும் கப்பலில் வருகிறதே?

முத்து:
வருகிறது, கொள்கலன் கணக்கில். ஒன்றுக்கு ஏறக்குறைய 25 டன். நான் வாங்குவது 25 கிலோ மூட்டை, அதுவும் கடனுக்கு. மொத்த வியாபாரி சொல்வதுதான் எனக்கு விலை. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் பை ஊதுகிறவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு கொள்கலன் இறக்கலாம்.