இறந்தவர் குரலில் புதுப்பாட்டு: குடும்பம் சம்மதித்தால் போதுமா?

கேசட்_காலம்:
2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டு வந்தது. பாடியவர்களில் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா என்று இரண்டு பெயர்கள். ஷாகுல் ஹமீது 1997இல் காலமானவர். பாக்யா 2022 செப்டம்பரில் போய்விட்டார். ஏஐ மூலம் இருவரின் குரலையும் உருவாக்கியதாகவும், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய சன்மானம் கொடுத்ததாகவும் ஏ.ஆர்.ரகுமானே சொன்னார். அதே ஆண்டு ஜூனில் 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பவதாரிணியின் குரலில் வெளியானது. அவர் மறைந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இந்த வழக்கம் இத்தோடு நிற்க வேண்டும். 'திருடா திருடா'வில் வரும் 'ராசாத்தி என் உசுரு' பாட்டைக் கேளுங்கள். வாத்தியம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கோரஸ் குரல்கள், அதன்மேல் ஷாகுல் ஹமீது, அவ்வளவுதான். எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை இழுத்துவிடுவது என்றெல்லாம் அன்றைக்கு மைக் முன்னால் நின்ற மனிதர் முடிவெடுத்தார். அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் தொண்டை அடைக்கிறது. 'திமிறி எழுடா'வில் அந்த முடிவுகளை எடுத்தது யார்? அவர் இல்லை. அப்படியிருக்க அவர் பெயரை எப்படிப் போடலாம்?

மிக்ஸிங்_மேசை:
நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஏதோ பட்டனைத் தட்டினால் செத்தவர் எழுந்து வந்து பாடுகிற மாதிரி பலரும் பேசுகிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. பொதுவாக, முதலில் உயிரோடு இருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடுவார். சுருதி, தாளம், சங்கதி (மெட்டில் பாடகர் போடும் நுணுக்கமான வளைவுகள்), மூச்சு எல்லாம் அவருடையது. மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கொடுத்துப் பழக்கிய மென்பொருள், அந்தப் பாட்டின் குரல் நிறத்தை மட்டும் மாற்றும். பழைய சினிமாப் பாட்டில் குரலும் வாத்தியமும் கலந்து கிடப்பதால் குரலைத் தனியாகப் பிரித்தெடுப்பதே பெரிய வேலை. அப்படிப் பிரித்தபிறகும் எங்கேயாவது வயலின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் கொடுத்தால் 'ச', 'ஷ' எல்லாம் தகர டப்பா மாதிரி வரும்.

சரி, முடிவெடுத்தது யார் என்று கேட்டீர்கள். இசையமைப்பாளரும் பாடிய அந்த மனிதரும்தான். சினிமாப் பாட்டு எப்போதுமே பலர் சேர்ந்து செய்வதுதானே? பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' 2023இல் வந்தது. ஜான் லெனன் இறந்தது 1980இல். அவருடைய பழைய கேசட்டிலிருந்து ஏஐ வைத்துக் குரலைப் பிரித்துதான் அதை முடித்தார்கள். உலகமே கொண்டாடியது. நம் ஆட்கள் செய்தால் மட்டும் தப்பா?

கேசட்_காலம்:
அது வேறு, இது வேறு சார். அந்தக் கேசட்டில் பாடியது லெனனேதான். பியானோ இரைச்சலை நீக்கி அவர் பாடியதை வெளியே கொண்டுவந்தார்கள். இங்கே ஷாகுல் ஹமீது ஒரு வரிகூடப் பாடவில்லை. ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தைத் தூசி தட்டிப் படிப்பதும், அவர் கையெழுத்தில் நாமே புதுக் கடிதம் எழுதுவதும் ஒன்றாகுமா?

நிலாமகள்:
கேசட் அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டை இதில் சேர்க்காதீர்கள். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போடும்போதே இது அக்காவுக்கான பாட்டு என்று தோன்றியதாகவும், உடல் தேறி வந்ததும் பாடவைக்கலாம் என்று நினைத்திருந்ததாகவும் பவதாரிணியின் தம்பி, இசையமைப்பாளர் யுவன் எழுதினார். அதற்குள் அவர் போய்விட்டார். தம்பி அக்காவுக்காகச் செய்தது அது. 'மயில் போல பொண்ணு ஒண்ணு' கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மழலை கலந்த குரலை இன்னொரு முறை புதிதாகக் கேட்டபோது அழுதுவிட்டேன். அந்த அழுகை பொய் இல்லை. துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பம் இப்படி நினைவுகூர நினைத்தால் அதைத் தடுக்க நாம் யார்?

கேசட்_காலம்:
தங்கச்சி, அந்தக் குடும்பத்தின் பாசத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. பாசத்தில் திறந்த கதவு வழியே அடுத்து யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை. வந்தும் விட்டார்கள். எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி கேட்காமல் ஏஐ மூலம் பயன்படுத்தியதாக 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தின் தயாரிப்பாளருக்கும் இசையமைப்பாளருக்கும் 2024இல் அவர் மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ரகுமானிடம் இருக்கும் நாகரிகம் எல்லோரிடமும் இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் விடுவது?

சட்டம்_படிக்கிறவன்:
சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இரண்டு பக்கமும் கொஞ்சம் பொறுங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் வழி இருக்கிறது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அவர் குரலை ஏஐ கருவிகளில் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இறந்தவர் என்றால்தான் சிக்கல். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவரின் தனியுரிமை அவர் இறந்தபின் வாரிசுகளுக்குச் சொத்து மாதிரி போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் பற்றிய பட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023இல் இதே திசையில்தான் போனது. இவை சினிமாக் கதை பற்றிய வழக்குகள், குரல் பற்றியவை அல்ல. ஆனாலும் வாரிசுகள் நாளைக்கு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு இவற்றைத்தான் தூக்கிக்கொண்டு வரும்.

பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை, அதாவது பாடகர் போன்றோருக்குத் தாங்கள் நிகழ்த்தியதன்மேல் உள்ள உரிமை, 50 ஆண்டு இருக்கிறது. ஆனால் அது அவர் பாடிய பாட்டுக்கு. பாடாத பாட்டில் அவர் குரல் சாயல் வந்தால் அதற்குப் பொருந்துமா என்பது தெளிவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024இல் குரலைப் பாதுகாக்கவே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், குடும்பத்திடம் அனுமதி வாங்குவது இன்றைக்கு நல்ல மனசைப் பொறுத்த விஷயமாகத்தான் இருக்கிறது. அதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

மிக்ஸிங்_மேசை:
இதில் எனக்கும் உடன்பாடுதான். அனுமதி கட்டாயம், பணம் கட்டாயம். ஆனால் 'நிறுத்து' என்பதை ஏற்க மாட்டேன். ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் மல்டி டிராக் வந்தபோது, ஜோடிப் பாட்டை இருவரும் தனித்தனி நாளில் பாடினால் உயிர் இருக்குமா என்று கேட்டார்கள். சுருதி விலகலைத் திருத்தும் ஆட்டோ டியூன் மென்பொருளுக்கும் இதே பாட்டுத்தான் பாடினார்கள். எல்லாம் வந்தது, நல்ல பாட்டும் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

டிராக்_பாடுறவ:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஷாகுல் ஹமீது பற்றிப் பேசுகிறீர்கள், ரகுமான் பற்றிப் பேசுகிறீர்கள், வாரிசு பற்றிப் பேசுகிறீர்கள். மிக்ஸிங் சார் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. "உயிரோடு இருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடுவார்." அந்த ஒருவர் யார்?

நான் டிராக் பாடுகிறவள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டுப் பாட்டைப் பாடிப் பதிவு செய்துவைப்பார்கள். பல நேரம் வரிகள் முடிவாகியிருக்காது. பாதி வரி, பாதி தத்தகாரம் (சொல்லுக்குப் பதில் 'தத்தன தானா' மாதிரி). போனில் வந்த வரியைப் பார்த்துக்கொண்டே பாடுவோம், நடுவில் ஒரு சொல் மாறும், திரும்ப அந்த இடத்தை மட்டும் பதிவு செய்து ஒட்டுவார்கள், பஞ்ச் பண்ணுவது என்போம். பிறகு பெரியவர் வந்து ஹெட்போனில் எங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே தன் குரலில் பாடிவிட்டுப் போவார். எங்கள் குரல் அழிந்துவிடும். சம்பளம் சொற்பம், பெயர் வராது. அப்புறம் ஏன் போகிறோம்? என்றைக்காவது ஒருநாள் இசையமைப்பாளர் "இதுவே நல்லா இருக்கே, இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லில் வாழ்க்கை மாறியவர்கள் இந்தத் துறையில் இருக்கிறார்கள். எங்களை ஓட்டுவது அந்த நம்பிக்கைதான்.

இப்போது யோசியுங்கள். நான் பாடுகிறேன். இசையமைப்பாளருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வரியையும் மாற்றவில்லை. என் சங்கதி, என் மூச்சு, எல்லாமே கடைசிவரை படத்தில் வருகிறது. ஆனால் குரல் நிறம் மட்டும் மறைந்த ஒருவருடையது, பெயரும் அவருடையது. டிராக்கில் அழிந்தபோதாவது பாட்டில் நான் இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே நான் முழுசாக இருக்கிறேன், யாருக்கும் தெரியாது. நான் இந்த இரண்டு பாட்டுகளைச் சொல்லவில்லை, இனி வரப்போகிற நூறு பாட்டுகளைச் சொல்கிறேன்.

மிக்ஸிங்_மேசை:
மறுப்பே இல்லை அம்மா. பாடியவர் பெயரைப் போட வேண்டும். அது தொழில்நுட்பத்தின் குற்றம் இல்லை, பழக்கத்தின் குற்றம். "பாடியவர் இன்னார், குரல் சாயல் இன்னார்" என்று இரண்டு பெயரும் போடட்டும். கேசட் சாரிடமும் ஒரு கேள்வி. ஒரு பாடகர் உயிரோடு இருக்கும்போதே, நான் போனபின் என் குரலை இன்னின்ன மாதிரி பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தால்?

கேசட்_காலம்:
அவரே எழுதிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் நான் கேட்க மாட்டேன், அது என் ரசனை. ஆனால் 1997இல் போனவரிடம் இப்படி ஒன்று வரும் என்று யாராலும் கேட்டிருக்க முடியாது. அவருக்காக யாரும் 'சரி' சொல்ல முடியாது, பெற்ற பிள்ளைகளே ஆனாலும். இதிலிருந்து நான் இறங்கி வரமாட்டேன்.

நிலாமகள்:
நானும் மாறவில்லை அண்ணா. பிள்ளைகளைவிட அந்தக் குரலுக்கு உரிமை உள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் டிராக் அக்கா சொன்னதை நான் இதற்குமுன் யோசித்ததே இல்லை.

டிராக்_பாடுறவ:
நீங்கள் இருவரும் சமாதானம் ஆக வேண்டியதில்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அடுத்த முறை இப்படி ஒரு பாட்டு யூடியூப்பில் வந்தால், கீழே இருக்கும் விவரத்தைத் திறந்து பாருங்கள். மறைந்தவர் பெயர் மட்டும் இருந்தால், "பாடினது யார்?" என்று ஒரு கமெண்ட் போடுங்கள். பத்துப் பேர் கேட்டால்கூடப் போதும், அடுத்த படத்தில் போட்டுவிடுவார்கள்.